மாட்ப்ரோப் பாதையை ஒருவன் மாற்றிவிட்டால்: கர்னலில் பூட்ட வேண்டிய இடம் எது?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் சில ஆலைகளின் லினக்ஸ் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர். பாதுகாப்புத் தணிக்கைக்கு வந்தவர்கள் எழுதிக்கொடுத்த குறைகளில் ஒன்று, லினக்ஸின் மையமான கர்னலில் "ஸ்டாட்டிக் யூசர்மோட் ஹெல்பர்" இயக்கப்படவில்லை என்பது. "அண்ணா, மாட்யூல்ஸ் டிஸேபிள்ட் என்பதை 1 ஆக்கி, மாட்யூல் ஏற்றுவதையே நிறுத்திவிட்டேன். அது போதாதா? இல்லை, மாட்ப்ரோப் பாதையைக் காலியாக விட்டால் சரியாகிவிடுமா? இதற்காகக் கர்னலை நாமே கம்பைல் செய்யத்தான் வேண்டுமா?" என்கிறார். (மாட்யூல் என்பது டிரைவர் மாதிரி, தேவைப்படும்போது கர்னலில் ஏற்றும் துண்டு. அதை ஏற்றும் நிரல் மாட்ப்ரோப்.)

முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில், போதாது என்பதுதான். மூன்றாவதற்கு, எந்த இயந்திரம் என்பதைப் பொறுத்தது. ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் புரியாமல் இதைச் செய்தால் பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட மாதிரி ஆகிவிடும்.

கர்னல் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. சிலவற்றுக்கு வெளியே இருக்கும் சாதாரண நிரலைக் கூப்பிட்டு ஓட்டுகிறது. ஒரு மாட்யூல் தேவைப்பட்டால் மாட்ப்ரோப்பை ஓட்டும். ஒரு நிரல் செத்து விழுந்தால், கோர் பேட்டர்ன் என்ற அமைப்பின் முதல் எழுத்து பைப் குறியாக இருக்கும் பட்சத்தில், அதற்கடுத்து எழுதியிருக்கும் நிரலை ஓட்டி நினைவகப் பிரதியை அதனிடம் தள்ளிவிடும். இயந்திரத்தை ஒழுங்காக அணைக்க, மறைகுறியீட்டுச் சாவி கேட்க, பழைய சிகுரூப் (செயல்முறைகளைக் குழுவாக வைத்து நிர்வகிக்கும் வசதி) காலியானதை அறிவிக்க என்று இன்னும் சில உண்டு. எல்லாமே கடைசியில் யூசர்மோட் ஹெல்பர் என்ற ஒரே பாதைக்குள் வந்துதான் ஓடுகின்றன. அப்படி ஓடும் நிரல், கூப்பிட வைத்தவரின் அனுமதிகளோடு ஓடுவதில்லை. கர்னலின் பிள்ளையாக, முழு ரூட் (நிர்வாகி) உரிமையோடு, எந்தக் கண்டெய்னர் (நிரல்களைத் தனிமைப்படுத்தி ஓட்டும் ஏற்பாடு) சுவருக்கும் வெளியே ஓடுகிறது.

அந்தப் பாதைகள் எங்கே எழுதியிருக்கின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மாட்ப்ரோப் பாதை கர்னலுக்குள் 256 பைட் நீளமுள்ள ஒரு எழுத்து வரிசை. நிர்வாகி ப்ராக் (கர்னலின் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் அடைவு) வழியாக அதை மாற்ற வசதி இருக்க வேண்டும் என்பதால், அது எழுதக்கூடிய நினைவகத்தில்தான் இருக்கிறது. தொடக்கத்துக்குப் பிறகு படிக்க மட்டும் என்று பூட்டும் வசதி கர்னலில் 4.6 முதல் உண்டு. ஆனால் ஓடும்போதும் மாற வேண்டிய மாறியை அப்படிப் பூட்ட முடியாது.

இப்போது தாக்குபவன் பக்கமிருந்து பாருங்கள். ஏதோ ஒரு டிரைவரிலோ நெட்வொர்க் நிரல்பகுதியிலோ ஓட்டை கிடைத்து, கர்னல் நினைவகத்தில் ஓரிடத்தில் ஒரே ஒரு முறை 8 பைட் எழுத முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். யாரும் எழுதக்கூடிய டெம்ப் அடைவுக்குள் ஒற்றை எழுத்துப் பெயரில் ஒரு ஸ்கிரிப்டை வைக்கிறான். அதன் பாதை சாய்கோடுகளோடு சேர்த்து 6 எழுத்து, முடிவுக்குறி ஒரு பைட், ஆக மொத்தம் 7. மாட்ப்ரோப் பாதை இருந்த இடத்தில் அதை எழுத ஒரே எழுதல் போதும், ஒரு பைட் மிச்சம்கூட இருக்கும். பிறகு கர்னல் மாட்யூல் தேடும்படி ஒரு காரியம் செய்ய வேண்டும். பல வருடங்களாக இதற்கு எளிய வழி, முதல் நாலு பைட்டும் அர்த்தமில்லாத ஒரு கோப்பை உருவாக்கி அதை இயக்கிப் பார்ப்பது. "இது என்ன வடிவம் என்று தெரியவில்லை, இதற்கான மாட்யூல் இருக்கிறதா பார்" என்று கர்னல் மாட்ப்ரோப்பைக் கூப்பிடும். கூப்பிடுவது இவன் ஸ்கிரிப்டை. அது ரூட்டாக ஓடும், கதை முடிந்தது.

இதில் கர்னலின் ஓட்டம் எங்கேயும் திசை மாறவில்லை. ஒரு ஃபங்ஷன் பாயிண்டரும் கெடவில்லை. அதனால் ஸ்மெப், ஸ்மாப், கட்டுப்பாட்டு ஓட்டச் சோதனை போன்ற, ஓட்டம் திசை மாறுவதைத் தடுக்க உதவும் பாதுகாப்புகள் இதைப் பார்ப்பதே இல்லை. கர்னல் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. அது நம்பிய ஒரு சொல் மட்டும் பொய்யாகிவிட்டது. தாக்குபவர்கள் இந்த வழியை இவ்வளவு விரும்புவதற்குக் காரணம் இதுதான்.

2025 மார்ச்சில் வந்த 6.14 கர்னலில், தெரியாத கோப்பு வடிவத்துக்கு மாட்யூல் தேடும் பழைய வழக்கத்தை எடுத்துவிட்டார்கள். நல்ல வேலைதான். ஆனால் அது தூண்டும் வழிகளில் ஒன்றை மட்டுமே அடைத்தது. கிரிப்டோ வசதிக்கான ஏஎஃப்-ஆல்க் சாக்கெட்டைத் திறந்து, இல்லாத ஒரு வகைப் பெயரைக் கொடுத்தாலும் கர்னல் மாட்யூல் தேடப் போகும். அதற்கு ரூட் அனுமதி எதுவும் வேண்டாம். தூண்டும் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே போவதில் எனக்கு நம்பிக்கையில்லை. எதை ஓட்டுவது என்ற முடிவு எங்கே இருக்கிறதோ அந்த இடத்தைப் பூட்ட வேண்டும்.

சரி, தம்பி செய்த மாட்யூல்ஸ் டிஸேபிள்டுக்கு வருவோம். அதை ஒருமுறை 1 ஆக்கினால் மறுபடி பூட் செய்யும்வரை திரும்ப மாற்ற முடியாது. அதற்கென்று ஒரு பயன் உண்டு, எடுத்துவிடாதீர்கள். ஆனால் அந்தச் சோதனை நடப்பது மாட்யூல் கர்னலுக்குள் வந்து சேரும் வாசலில். மாட்யூல் வேண்டும் என்று மாட்ப்ரோப்பைக் கூப்பிடும் இடத்தில் அந்தச் சோதனை இல்லை. கர்னல் ஹெல்பரை ஓட்டும், ஹெல்பர் மாட்யூலைக் கொண்டுவரும், அப்போதுதான் வாசலில் மறுப்பு. தாக்குபவனுக்கு மாட்யூல் தேவையே இல்லையே. ஹெல்பர் ஓடிய நொடியிலேயே அவன் காரியம் முடிந்துவிடுகிறது.

மாட்ப்ரோப் பாதையைக் காலியாக்குவது இன்னும் கொஞ்சம் ஏமாற்றக்கூடியது. பாதை காலியாக இருந்தால் கர்னல் ஹெல்பரைக் கூப்பிடவே கூப்பிடாது, ஆவணத்திலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் "காலி" என்பதும் அதே எழுதக்கூடிய வரிசையில் இருக்கும் ஒரு மதிப்புதான். நீங்கள் காலியாக்கிய இடத்தில் அவன் 7 பைட் எழுதினால் அது காலியாக இருக்காது. சாதாரணமாக மாட்யூல் தானாக ஏறுவதைக் குறைக்க இது நல்ல வழி. அதனால் பழுதுள்ள பழைய மாட்யூல்களை யாரும் தூண்டி உள்ளே வரவைக்க முடியாது. கர்னல் நினைவகத்தில் எழுதத் தெரிந்தவனுக்கு எதிராக மட்டும் இது எதையும் தடுக்காது.

தணிக்கையாளர் சொன்ன ஸ்டாட்டிக் யூசர்மோட் ஹெல்பர் இதே காரணத்துக்காக வந்தது. 2017-ல், 4.11 கர்னலில், கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் சேர்த்தது. இதை இயக்கிக் கம்பைல் செய்தால், யார் எந்தப் பாதையைச் சொல்லிக் கூப்பிட்டாலும் கர்னல் ஓட்டுவது கம்பைல் செய்யும்போது எழுதிய ஒரே ஒரு நிரலைத்தான். எஸ்பின் அடைவில் யூசர்மோட்-ஹெல்பர் என்ற பெயர் இயல்பிருப்பு. அந்தப் பாதை கர்னலின் படிக்க மட்டுமான பகுதியில் இருக்கும். கூப்பிட்டவர் கேட்ட பாதை, ஆர்க்வி என்ற வாத வரிசையின் (நிரலை ஓட்டும்போது அதற்குக் கொடுக்கும் சொற்கள்) முதல் உறுப்பாக அந்த நிரலுக்குப் போய்ச் சேரும். ஓட்டுவதா வேண்டாமா என்று நிரல் முடிவு செய்ய வேண்டும். பாதையைக் காலியாக வைத்துக் கம்பைல் செய்தால் எந்த ஹெல்பரும் எப்போதும் ஓடாது. இந்தக் காலியை யாரும் எழுதி மாற்ற முடியாது என்பதுதான் முந்தையதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம். ஆண்ட்ராய்டின் பொதுக் கர்னல் அமைப்பில் இப்படித்தான் காலியாக வைத்திருக்கிறார்கள்.

இது முழுக் கவசம் என்று நினைக்க வேண்டாம். ஹெல்பரைக் கூப்பிடும் நேரத்தில் அதன் விவரங்கள் கொஞ்ச நேரம் ஹீப்பில் (எழுதக்கூடிய தற்காலிக நினைவகத்தில்) இருக்கின்றன. அந்தச் சின்ன இடைவெளியைப் பிடிப்பவன் அங்கேயும் கை வைக்கலாம். அப்புறம், நினைத்த இடத்தில் எழுத முடிகிறவன் தன் செயல்முறையின் அடையாள விவரங்களையே ரூட்டாக மாற்றப் பார்க்கலாம். ஆனால் அதற்கு அவன் தன் செயல்முறை நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். மாட்ப்ரோப் பாதை கர்னலின் தொடக்க முகவரியிலிருந்து அந்தக் கர்னல் பதிப்பில் எப்போதும் ஒரே தூரத்தில் இருக்கும். எளிய வழியை அடைத்துவிட்டால் மிஞ்சுவது எல்லாமே கடினமான வழிகள்.

பலர் தவறவிடுவது அந்த ஹெல்பர் நிரலை எழுதும் இடத்தில்தான். கர்னல் தன் பக்கத்தைப் பூட்டிவிட்டது. இனி எல்லாப் பொறுப்பும் நீங்கள் எழுதும் ஐம்பது அறுபது வரி சி நிரலின் மேல். வந்த பாதை அனுமதிப் பட்டியலில் இருந்தால் அதை ஓட்டு, இல்லாவிட்டால் மறுத்து கர்னல் பதிவில் ஒரு வரி எழுது என்பது அடிப்படை. பாதையை முழுச் சொல்லாக ஒப்பிடுங்கள். "எஸ்பின் என்று தொடங்கினால் சரி" என்று எழுதினால், எஸ்பினில் தொடங்கி இரட்டைப் புள்ளி வழியாக டெம்ப்புக்கு இறங்கும் பாதை உள்ளே வந்துவிடும். ஒப்பிட்டுப் பார்த்த பிறகும், வந்த சொல்லை அப்படியே ஓட்டாதீர்கள். உங்கள் நிரலில் நீங்கள் எழுதி வைத்திருக்கும் பாதையையே ஓட்டுங்கள்.

இன்னொன்று, இதற்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். பாதை சரியாக இருந்தால் மட்டும் போதாது, அதற்குப் பின்னால் வரும் வாதங்களையும் பார்க்க வேண்டும். மாட்யூல் தேடும்போது கர்னல் மாட்ப்ரோப்புக்குக் கொடுப்பது எப்போதும் ஒரே வடிவம்: அமைதியாக இரு என்ற -க்யூ, பிறகு --, பிறகு மாட்யூலின் பெயர். அவ்வளவுதான். ஆனால் கோர் பேட்டர்ன் அப்படியில்லை. பைப் குறிக்குப் பின்னால் எழுதியிருப்பதை இடைவெளி பார்த்துப் பிரித்து, தனித்தனி வாதங்களாகக் கொடுக்கிறது. கோர் பேட்டர்னில் எழுத முடிந்தவன் அங்கே மாட்ப்ரோப்பின் சரியான பாதையைப் போட்டு, கூடவே அமைப்புக் கோப்பு எங்கே என்று சொல்லும் வாதத்தையும் (பெரிய எழுத்து சி), டெம்ப்பில் தான் எழுதிய கோப்பையும் கொடுத்தால் என்ன ஆகும்? மாட்ப்ரோப் அமைப்புக் கோப்பில் இன்ஸ்டால் என்ற கட்டளை உண்டு. இந்தப் பெயரைக் கேட்டால் மாட்யூலை ஏற்றாமல் இந்த ஷெல் கட்டளையை ஓட்டு என்று அதில் எழுதலாம். உங்கள் ஹெல்பர் "மாட்ப்ரோப்தானே, அனுமதி உண்டு" என்று விட்டுவிடும். அனுமதித்த நிரலை வைத்தே அவன் ரூட் ஆகிவிடுவான். ஆகவே மாட்ப்ரோப் என்றால் வாதங்கள் சரியாக நாலு, இரண்டாவது -க்யூ, மூன்றாவது --, நாலாவதில் எழுத்து, எண், கோடு, புள்ளி, காற்புள்ளி, முக்காற்புள்ளி மாதிரி மாட்யூல் பெயரில் வரக்கூடியவை மட்டும் என்று சோதியுங்கள். வேறு எப்படி வந்தாலும் மறுத்துவிடுங்கள்.

மாட்ப்ரோப், எல்எஸ்மாட், இன்ஸ்மாட் எல்லாமே இன்று கேமாட் என்ற ஒரே நிரல்தான். ஆர்க்வியின் முதல் உறுப்பில் கடைசிப் பெயர் என்ன என்று பார்த்துத்தான் தான் யார் என்று அது முடிவு செய்கிறது. நீங்கள் ஓட்டும்போது அந்த உறுப்பில் உங்கள் ஹெல்பரின் பெயரைப் போட்டால் அது மாட்ப்ரோப்பாக வேலை செய்யாது. கோர் கையாளும் நிரலுக்கு நினைவகப் பிரதி வருவது நிலையான உள்ளீடு வழியாக. ஹெல்பர் அதைத் தொடாமல் எக்ஸெக் செய்துவிட வேண்டும், அதாவது தன் இடத்திலேயே அந்த நிரலை ஓட்டிவிட வேண்டும். ஃபோர்க் (தன்னைப் போல இன்னொரு செயல்முறையை உருவாக்குவது) வேண்டாம், ஷெல் வேண்டவே வேண்டாம். வெளி லைப்ரரி எதையும் நம்பாதபடி ஸ்டாட்டிக்காக இணையுங்கள்.

கோப்பின் அனுமதியை 0700 என்று வையுங்கள், உரிமையாளர் ரூட். மற்றவர்கள் படித்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். 2022 மார்ச்சில் வெளியான டர்ட்டி பைப் பழுதில், ஒரு கோப்பைப் படிக்க மட்டும் திறக்க முடிந்தவன் பேஜ் கேஷில் (கோப்புகளைக் கர்னல் நினைவகத்தில் வைத்திருக்கும் இடம்) இருந்த அதன் பிரதியை மாற்றி எழுத முடிந்தது. படிக்கவே முடியாத கோப்பில் அந்த வித்தை நடக்காது.

இயந்திரம் பூட் ஆகத் தொடங்கும்போது, ரூட் கோப்பு முறைமை வருவதற்கு முன்பே மாட்யூல் தேவைப்படும். அப்போது கர்னல் தேடுவது இனிட்ராம்எஃப்எஸ் (பூட் தொடக்கத்துக்கான சின்னத் தற்காலிகக் கோப்புத் தொகுப்பு) உள்ளே இருக்கும் ஹெல்பரை. அங்கே அதைச் சேர்க்க மறந்தால் பெரிய சத்தமெல்லாம் வராது, வட்டு டிரைவரோ கோப்பு முறைமையோ ஏறாமல் பூட் பாதியில் நின்றுவிடும். டெபியன் வகைகளில் இனிட்ராம்எஃப்எஸ் கருவிக்கு ஒரு ஹூக் ஸ்கிரிப்ட், இனிட்ராம்எஃப்எஸ் உருவாக்கும் இன்னொரு கருவியான டிராகட் என்றால் அமைப்பில் ஒரு வரி போதும்.

இனி, எங்கே செய்வது என்பது. ஆலைகளில் மோட்டார், வெப்பநிலை அளக்கும் சின்னப் பெட்டிகள் இருக்கும். வன்பொருள் என்றைக்கும் மாறாது. அங்கே தேவையான டிரைவர்களைக் கர்னலுக்குள்ளேயே சேர்த்து, மாட்யூல் வசதியை மூடி, ஹெல்பர் பாதையைக் காலியாக வைத்துக் கம்பைல் செய்யுங்கள். எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு இது, ஹெல்பர் நிரலே எழுத வேண்டியதில்லை. மாட்யூல் வசதியைத் திறந்தே வைத்துப் பாதையை மட்டும் காலியாக்கினால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கூப்பிட்டது வெற்றி என்றே கர்னலின் மற்ற பகுதிகளுக்குப் பதில் போகும். "மாட்யூல் கேட்டது வெற்றி, ஆனாலும் கோப்பு முறைமையைக் காணோம்" என்ற பொருளில் டிமெசேஜில் (கர்னல் பதிவில்) எச்சரிக்கை வந்தால் பயப்பட வேண்டாம், எதிர்பார்த்ததுதான்.

பல பேருடைய கண்டெய்னர்கள் ஓடும் சர்வர் இருந்தால் அதற்கு ஹெல்பர் நிரலோடு கூடிய ஏற்பாடு. இந்த இடத்தில் பலன் கண்கூடு. 2022-ல் வந்த சிவிஇ-2022-0492, சிகுரூப் முதல் பதிப்பின் ரிலீஸ் ஏஜெண்ட் என்ற கோப்பில் எழுதும்போது உரிமையைச் சரியாகச் சோதிக்காத பழுது. சிகுரூப் காலியானதும் அதில் எழுதியிருக்கும் நிரலைக் கர்னல் ரூட்டாக ஓட்டும், கண்டெய்னருக்கு வெளியே. அந்தப் பாதையும் யூசர்மோட் ஹெல்பர் வழியாகத்தான் போகிறது. அதனால் நிலையான ஹெல்பர் வைத்திருந்தவர்களிடம், பழுது வெளியே தெரிவதற்கு முன்பே அந்த வழி அடைபட்டிருந்தது. 2025 நவம்பரில் வெளியான, கண்டெய்னர்களை ஓட்டும் கருவியான ரன்சியின் பழுதுகளிலும் கண்டெய்னருக்குள்ளிருந்து கோர் பேட்டர்னில் எழுதும் வழி இருந்தது. கோர் பேட்டர்னுக்குக் கண்டெய்னருக்கு ஒன்று என்று தனியாகக் கிடையாது, இயந்திரம் முழுமைக்கும் ஒன்றுதான். நம் ஹெல்பர் பட்டியலில் இல்லாத பாதை அங்கே எழுதப்பட்டால் ஓடாது. வாதங்களைச் சோதிக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

அலுவலக மேசைக் கணினிகளுக்கும், பாலக்காட்டுத் தமிழ் மீடியம் பள்ளிகளில் பிள்ளைகள் பழகும் கைட் லினக்ஸ் (கேரளப் பள்ளிகளுக்கான லினக்ஸ்) மாதிரி இயந்திரங்களுக்கும் இதற்காகக் கர்னலைக் கம்பைல் செய்ய வேண்டாம். பிரிண்டர், கேமரா, பென்டிரைவ் என்று தினம் ஒன்று மாறும் இடம் அது. விநியோகத்தார் தரும் கர்னலை வைத்து, பாதுகாப்புப் புதுப்பிப்புகளை உடனுக்குடன் போடுவதுதான் அங்கே பெரிய பாதுகாப்பு. சர்வருக்கும் இதே அளவுகோல்தான். பழுது வெளியானால் இரண்டு மூன்று நாளுக்குள் சொந்தக் கர்னலை மறுபடி கம்பைல் செய்து போட ஆளும் நேரமும் இல்லையென்றால், இந்த ஒரு வசதிக்காகச் சொந்தக் கர்னலுக்கு மாறாதீர்கள். தணிக்கை அறிக்கையில் அந்த வரி சிவப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும், காரணத்தை எழுதிக் கொடுங்கள்.

அப்படி மாற முடியாத இயந்திரங்களில், கர்னல் முகவரிகளை மறைக்கும் கேபிடிஆர் ரெஸ்ட்ரிக்டை 2 ஆக்குங்கள். சாதாரணப் பயனர்கள் யூசர் நேம்ஸ்பேஸ் (தனக்குள் மட்டும் ரூட் போல இருக்கக்கூடிய தனி வெளி) உருவாக்குவதைத் தேவையில்லையென்றால் நிறுத்துங்கள். கண்டெய்னருக்குள் ப்ராக்-சிஸ் படிக்க மட்டுமாகவே இருக்கட்டும், ப்ரிவிலெஜ்ட் கண்டெய்னர் ஓட்டாதீர்கள். ப்ராக்கில் கர்னல் அடைவுக்குக் கீழே யூசர்மோட்ஹெல்பர் என்று ஒரு துணை அடைவு இருக்கிறது. ஹெல்பர்களுக்குக் கிடைக்கும் கேப்பபிலிட்டிகளை (ரூட் உரிமையைப் பிரித்த தனித்தனி அனுமதிகளை) அங்கே குறைக்கலாம். குறைத்தால் குறைத்ததுதான், கூட்ட முடியாது. ஆனால் கேப்பபிலிட்டி எல்லாம் போனாலும் யூசர் எண் 0 ஆக ஓடுகிறவன் ரூட்டுக்குச் சொந்தமான கோப்புகளில் எழுத முடியும், அதனால் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

போட்ட பிறகு வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்காமல் விடாதீர்கள். சோதனை இயந்திரத்தில் ரூட்டாக நுழைந்து, ப்ராக்கில் மாட்ப்ரோப் பாதையை டெம்ப்பில் உள்ள ஒரு ஸ்கிரிப்டுக்கு மாற்றுங்கள். அந்த ஸ்கிரிப்ட் ஒரு கோப்பை உருவாக்கினால் போதும். பிறகு மவுண்ட் கட்டளையில் உலகத்தில் இல்லாத ஒரு கோப்பு முறைமைப் பெயரைக் கொடுங்கள், கர்னல் அதற்கு மாட்யூல் தேடும். கோப்பு உருவாகக் கூடாது, ஹெல்பர் மறுத்ததாகக் கர்னல் பதிவில் ஒரு வரி இருக்க வேண்டும். அடுத்து கோர் பேட்டர்னில் மாட்ப்ரோப்பின் சரியான பாதையோடு பெரிய சி வாதத்தைச் சேர்த்து எழுதி, ஸ்லீப் ஒன்றை ஓடவிட்டு அதற்கு செக்ஃபால்ட் சிக்னல் அனுப்புங்கள். இதுவும் மறுக்கப்பட வேண்டும். இரண்டு பாதைகளையும் பழையபடி வைத்துவிட்டு, உண்மையிலேயே ஏற வேண்டிய ஒரு மாட்யூல் தானாக ஏறுகிறதா என்று பாருங்கள். கர்னலோ கேமாடோ புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் இந்த மூன்றையும் ஒரு ஸ்கிரிப்டாகவே ஓட்டிவிடலாம். தம்பிக்கு ஹெல்பர் நிரலில் எங்காவது தடுமாறினால் அந்தப் பகுதியை மட்டும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.